இரண்டு கேன் என்சைம்

திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு என்சைம் புதிய சொல் கிடையாது. பருத்தித் துணியின் மேல் நிற்கும் மெல்லிய பஞ்சு மயிரைத் தின்ன விடுவதற்காகச் சாயப்பட்டறையில் ஒரு என்சைம் ஊற்றுவார்கள். பயோ வாஷ் என்று பெயர். ஒரு மணி நேரம் போல் ஓடினால் துணி வழவழவென்று ஆகிவிடும். ஆனால் எங்கே நிறுத்துவது என்று அந்த என்சைமுக்குத் தெரியாது. மயிர் தீர்ந்ததும் நூலைத் தின்னத் தொடங்கும். அதனால் நேரம் முடிந்த கையோடு தொட்டியின் சூட்டை எண்பது டிகிரிக்கு ஏற்றுவார்கள். அந்தச் சூட்டில் என்சைம் செத்துவிடும். பட்டறைப் பேச்சில் இதைக் 'கில் பண்றது' என்பார்கள். கில் பண்ண மறந்த துணி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். தைக்கப் போனால் ஊசி பட்ட இடமெல்லாம் ஓட்டை விழும். அப்படி ஒரு லாட் துணி வீணாய்ப் போனால் ஒரு ஆளும் வேலையை விட்டுப் போவான். எங்கள் முதலாளியின் பட்டறையில் அதுதான் நடைமுறை.

நான் அதே முதலாளியின் கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். பட்டறை பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம். நாள் கிழமை பார்த்து எதையும் குறித்து வைப்பது என் பழக்கம். எந்த மாதம் எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது, நொய்யலில் எந்த ஐப்பசியில் பாலத்தைத் தொட்டுத் தண்ணீர் போனது என்று கேட்டால் சொல்வேன். ஆகவே என் தங்கையின் விஷயத்தையும் வரிசை மாறாமல் சொல்ல முடியும். அந்த வரிசையில் எதையும் முன்னே பின்னே மாற்றி வைக்க முடியாது என்பதுதான் வருத்தம்.

என் தங்கை நுண்ணுயிரியல் படித்தவள். எங்கள் வீட்டில் இருந்துகொண்டே தினமும் பஸ்ஸில் கோயம்புத்தூர் போய் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்ணரைப் பகுதிக்கு வண்டியில் கூட்டிப்போகச் சொன்னாள். அங்கே பாலியஸ்டர் துணியைப் பிரஷ் போட்டு மென்மையாக்கும் ஒரு யூனிட் இருந்தது. அதன் பின்புறம் வருஷக்கணக்காகக் கொட்டின பாலியஸ்டர் பஞ்சு, மழையில் நனைந்து மண்ணோடு மண்ணாக, சேறு படிந்த மெத்தை போலக் கிடந்தது. அதன் அடியில் இருந்த கறுத்த மண்ணை மூன்று டப்பாக்களில் எடுத்துக்கொண்டாள்.

"இத்தனை வருசமா இதையே பார்த்துட்டிருக்கிற பாக்டீரியா ஏதாச்சும் ஒண்ணு, இதைத் தின்னா என்னன்னு யோசிச்சிருக்குமல்லங்ணா?" என்றாள்.

"பசிச்சாப் புலியும் புல்லைத் தின்னாது அம்மிணி."

"இது புலி இல்லீங்ணா. எதையும் தின்னும்."

தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், போனில் ஒரு படம் அனுப்பினாள். கலங்கலான கண்ணாடித் தட்டு. பாலியஸ்டரை நுணுக்கித் தூளாக்கி அதில் கலந்திருந்தார்களாம், அதனால் அந்தக் கலங்கல். நடுவில் கடுகளவு பாக்டீரியாப் புள்ளி. அதைச் சுற்றி நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டினது போல் தெளிவாக ஒரு வட்டம். புள்ளி ஏதோ ஒன்றை வெளியே விட்டிருக்கிறது, அது பாலியஸ்டரைக் கரைத்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்றுதான் என்சைம். அன்று அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த நடையே வேறு மாதிரி இருந்தது.

தின்னும் உயிரைக் கண்டுபிடிப்பது இதில் சின்ன வேலை என்று எனக்கு அப்போது தெரியாது. உலகத்தில் இப்படிப்பட்டவை முன்பே கிடைத்திருக்கின்றன என்று படித்திருந்தேன். சிக்கல் எங்கே என்றால், அந்த உயிர் தன் பசிக்கு வேண்டியதை மட்டும் செய்கிறது. ஒரு குடோன் வேஸ்ட்டைக் கரைக்க வேண்டுமென்றால் பீப்பாய் பீப்பாயாக என்சைம் வேண்டும். மண்ணரைப் பாக்டீரியா கொடுத்தது ஒரு சொட்டில் நூறில் ஒரு பங்கு. என்சைமைச் செய்யும் செய்முறையை, அதாவது அதற்கான மரபணுவை, அதிலிருந்து எடுத்து, கிடுகிடுவென்று வளரக்கூடிய வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்து, அதை நிறையச் செய்ய வைக்க வேண்டும். என் தங்கையின் ஆராய்ச்சி இதுதான். இரண்டு வருஷம் அதிலேயே போனது.

செய்முறையை மாற்றி வைத்ததும் புதிய பாக்டீரியா அள்ளிக் கொடுத்தது. கொடுத்ததெல்லாம் வேலை செய்யவில்லை. ஒரு சித்திரை மாதப் பகலில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"நிறையச் செய்யுதுங்ணா. ஆனா அவசர அவசரமாச் செய்யுது. என்சைம்ங்கறது நூலாட்டம், சரியா மடிஞ்சாத்தான் வேலை செய்யும். இது மடிய வேண்டிய மாதிரி மடிய மாட்டேங்குது. கட்டி கட்டியா உள்ளேயே கிடக்குது."

மடிப்பு என்றதும் எனக்குச் சட்டென்று விளங்கியது. "எங்க பேக்கிங்ல ஷிப்மென்ட் நாளைக்குன்னா இன்னைக்கு நடக்கறதுதான் அம்மிணி. பொண்ணுங்க கழுத்துப் பட்டையை உள்ளே விட்டு, கையை வெளியே விட்டு, சுருட்டிப் பெட்டியில திணிச்சிருவாங்க. பெட்டி கணக்கு சரியா இருக்கும். ஒரு பீஸும் போட முடியாது."

"அதேதானுங்ணா! அப்ப என்ன பண்ணுவீங்க?"

"ஏ.சி. போட்டுவிட்டு, அவசரம் இல்லேன்னு சொல்லிருவேன்."

நான் விளையாட்டுக்குச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, விடையும் அதுதான் என்றாள். குளிர்ச்சியில் வளர்த்தால் பாக்டீரியா மெதுவாகச் செய்யும், மெதுவாகச் செய்தால் ஒழுங்காக மடியும். அதை அவள் முன்பே படித்திருந்தாள். குளிர்ச்சிக்கு வழிதான் இல்லை. குடுவைகளைக் குளிரில் வைத்து ஆட்டும் மெஷின் கல்லூரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு துறையே அதற்கு முறை வைத்துக் காத்திருந்தது. என் தங்கைக்குக் கிடைத்தது வாரக் கடைசி மட்டும்.

வேறொரு தொல்லையும் இருந்தது. என்சைம் செய்கிற செல்லுக்கு அது பெரும் சுமை. அதனால் மெதுவாகத்தான் வளரும். கவனிக்காமல் விட்டால், செய்வதை நிறுத்திவிட்ட செல்கள் சுகமாகப் பெருகிக் குடுவையை நிரப்பிவிடும். இதைக் கேட்ட என் மனைவி, "அப்ப அதும் நம்ம கம்பெனியாட்டத்தான்" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். தங்கைதான் அதிகம் சிரித்தாள்.

அடுத்த வருஷம் தை தொடங்கி ஆவணி வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாக்டீரியாவையெல்லாம் வடிகட்டி எடுத்துவிட்டு, மிஞ்சின என்சைம் தண்ணீரைச் சூடு படாமல் சுண்ட வைத்துக் கல்லூரியின் குளிர் அறையில் சேர்த்தாள். ஒரு தடவைக்குக் காப்பி டம்ளர் அளவு சேரும். சில வாரம் அதுவும் கெட்டுப்போகும். ஆவணி முடியும்போது அவளிடம் இரண்டு கேன் இருந்தது. நாம் வீட்டில் தண்ணீர் பிடிக்கும் கேனைவிடச் சின்னது.

முதலாளியிடம் அவளைக் கூட்டிப்போனது பட்டறையின் டையிங் மாஸ்டர். அவர் தெற்கே நாசரேத் ஊர்ப் பக்கத்துக்காரர். மீசை முளைக்கும் வயதில் திருப்பூருக்கு வந்தவர். பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவே இல்லை. என்னைவிட மூத்தவராக இருந்தும் என்னை அண்ணாச்சி என்பார். என் தங்கை செய்வது என்சைம் என்று தெரிந்த நாள் முதல் அவருக்கு அவள் மேல் தனிப் பிரியம். "யம்மா, நாங்க காசு குடுத்து வாங்கிக் கொல்லுததை நீ பெத்து வளக்க" என்பார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். எத்தனை சூட்டில் வேலை செய்யும்? சோடாக் காரம் எவ்வளவு தாங்கும்? பருத்தியைத் தொடுமா?

"பருத்தியைத் தொடாதுங்க மாஸ்டர். பாலியஸ்டரை மட்டும்தான். ஐம்பதுல நல்லா வேலை செய்யும். எழுபதைத் தாண்டினாச் செத்துரும்."

"சுகவாசின்னு சொல்லு."

முதலாளியின் குடோனில் அப்போது பாலியஸ்டர் கட்டிங் வேஸ்ட் கூரை வரைக்கும் கிடந்தது. இதையெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் என் தங்கை சொன்னதை முழுக்கக் கேட்டார். படம் எதுவும் காட்ட வேண்டாம் என்றார்.

"அம்மிணி, எனக்கு இந்த வட்டம் கிட்டமெல்லாம் வெளங்காதுங்க. ஒரு பையில வேஸ்ட்டைப் போட்டு நம்ம சாம்பிள் மெஷின்ல ஓட்டுங்க. சனிக்கிழமை போட்டு, திங்கக்கிழமை காலையில நான் வந்து தூக்கிப் பார்ப்பேன். பை காலியாயிருந்தா பழைய குடோனை ஒதுக்கித் தாறேன். தொட்டி, கூலிங், என்ன வேணுமோ போட்டுக்கலாம். காலியாகலைன்னா நீங்களும் மறந்துடுங்க, நானும் மறந்துடறேன்."

தங்கைக்கென்று சொந்தமாக ஒரு கூலிங். முறைக்குக் காத்திருக்காத ஒரு தொட்டி. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவளுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகையும் அதோடு நிற்கிறது. அந்தக் குடோன் கிடைத்தால் வேலை தொடரும். கிடைக்காவிட்டால் தொடராது. வேறு மாதிரி ஒரு வழி இருந்ததாக இன்றைக்கு யோசித்தாலும் எனக்குத் தோன்றவில்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை போட்டார்கள். பாலியஸ்டர் வேஸ்ட்டைத் தங்கை முன்பே கல்லூரியில் உருக்கி, சட்டென்று குளிர வைத்து, அவல் போல் நறுக்கிக் கொண்டு வந்திருந்தாள். முறுக்கிய நூலாக இருந்தால் என்சைமுக்குப் பல் இறங்காது என்றாள். அதைப் பருத்திப் பனியன் துணியில் தைத்த சிறு பைகளில் கட்டி மெஷினுக்குள் போட்டார்கள். தண்ணீர் ஐம்பதுக்கு வந்ததும் இரண்டு கேனையும் ஊற்றினாள். கடைசிச் சொட்டுக்காகக் கேனைக் கழுவியும் ஊற்றினாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று, "ஸ்தோத்திரம்" என்றார்.

அன்று முழுவதும், மறுநாள் பொழுது ஏறும் வரைக்கும், அவள் அந்த மெஷினை விட்டு நகரவில்லை. கரையக் கரைய அமிலம் இறங்கும். அதைச் சமன் செய்யக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடா விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. மதியம் மாஸ்டர் சர்ச்சிலிருந்து நேரே வெள்ளைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். நானும் போயிருந்தேன்.

"யம்மா, நீ போயி குளிச்சுச் சாப்பிட்டு வா. மூஞ்சியப் பாரு, சாயம் போன துணி கணக்கா இருக்கு. நான் உக்காந்துருக்கேன்."

"சோடா மட்டும் பார்த்துக்கோங்க மாஸ்டர். வேற எதுவும் பண்ண வேண்டாம்."

"எனக்கே பாடமா? போ தாயி, போ."

"வரும்போது உங்களுக்கும் சாப்பாடு எடுத்துட்டு வர்றோம்" என்றேன்.

"புரட்டாசியில உங்க வீட்ல என்ன இருக்கும்? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா சாம்பாரு. கோயிலுக்குப் போயிட்டு வந்தவனுக்கு நல்ல பிரசாதம்தான்!"

சிரித்துக்கொண்டே கிளம்பினோம். தங்கை குளித்தாள், சாப்பிட்டாள், உட்கார்ந்தபடியே கொஞ்சம் கண்ணயர்ந்தாள். நாங்கள் எழுப்பவில்லை. அவளே திடுக்கிட்டு எழுந்தாள். சாப்பாட்டுக் கேரியரோடு இரண்டு பேரும் திரும்பினோம்.

பட்டறை வாசலில் நுழையும்போதே மெஷினில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாஸ்டர் குழாய்த் தண்ணீரை மேலே பாய்ச்சிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை மார்பு வரைக்கும் நனைந்திருந்தது. மெஷினிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தங்கை சூடு காட்டும் பெட்டியைப் பார்த்தாள். எழுபத்தாறிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"கொன்னுட்டேன் தாயி" என்றார் மாஸ்டர்.

நடந்தது இதுதான். சோடா விட்டுவிட்டு, எப்படி இருக்கிறது என்று ஒரு பையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். பை கையில் தொளதொளவென்று இருந்திருக்கிறது. உள்ளே இருந்தது குறைந்திருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். என்சைம் தொட்டியில் துணி மெலிகிறது என்றால் லாட் கையை விட்டுப் போகிறது. மெஷினில் கில் பண்ணுவதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. கை அதற்குப் போய்விட்டது. அழுத்திவிட்டுப் பையைத் தண்ணீரில் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். லாட்டைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி. சூடு எழுபதைத் தாண்டிய பிறகுதான், எந்த மெஷினின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்கிறது.

"எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி. தின்னணும்னுதான் போட்டிருக்குன்னு தெரியும்லா. தெரிஞ்சும் கை போயிட்டே."

அவருக்கு விஷயம் தெரியாமல் இருந்திருந்தால் எங்களுக்கு அவரிடம் கோபித்துக்கொள்ள ஒரு வழியாவது இருந்திருக்கும். அது வேலை செய்தது என்பதற்கு முதல் சாட்சி அவர் கைதான். வேலை செய்ததனாலேயே அதைக் கொன்றதும் அந்தக் கைதான்.

தங்கை மெஷினைத் திறந்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சோதிக்க ஒரு சிறு குப்பியில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். பிறகு கேரியரைப் பிரித்து, "சாப்பிடுங்க மாஸ்டர், ஆறிடும்" என்றாள். அவர் சாப்பிடவில்லை.

நான், "இன்னொரு தடவை போட்டா என்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"எதைப் போடறதுங்ணா? தையில இருந்து சேர்த்தது அவ்வளவுதான்."

அந்த ஒரு வரியில்தான், அவள் இரண்டு வருஷமாக எதற்காக மல்லுக்கட்டினாள் என்று எனக்கு முழுக்கப் புரிந்தது. பாக்டீரியா நிறையக் கொடுக்க வேண்டும் என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் அதை லாபக் கணக்காகவே எடுத்துக்கொண்டேன். நிறையக் கிடைத்தால் மலிவாகும், மலிவானால் விற்கும் என்று. அது மட்டும் இல்லை. நிறையக் கிடைத்தால் ஒருவர் தவறு செய்யலாம். தொட்டியைக் கொட்டிவிட்டு, தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, மறுபடி ஊற்றலாம். பயோ வாஷில் எத்தனை தொட்டி அப்படிக் கொட்டியிருப்போம். கொஞ்சமாகக் கிடைக்கும் ஒன்றின் முன்னால் மனிதர்கள் தவறே செய்யாதவர்களாக இருக்க வேண்டியிருக்கிறது. அப்படி யார் இருக்கிறார்கள்?

திங்கட்கிழமை முதலாளி வருவதற்கு முன் மாஸ்டர் சொல்லிவிட்டார், தப்பைத் தானே அவரிடம் ஒப்புக்கொள்ளப் போவதாக. தங்கை அவரைப் பட்டறைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய்ப் பேசினாள். நானும் கூட இருந்தேன்.

"சொன்னா உங்களை இன்னைக்கே அனுப்பிருவாருங்க."

"அனுப்பட்டும்."

"அனுப்பிட்டா எனக்கு என்சைம் திரும்பி வந்துருமுங்களா?"

"வராது. ஆனா ஓம் பேரு கெட்டுப் போவுமே."

"என்ற பேர் என்னங்க பேரு, ஒரு மெஷின்ல ஒரு நாள் ஓடின பேரு. உங்க பொண்ணு நர்சிங் கடைசி வருசம். பேசாம இருங்க."

அவருடைய மகள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள்.  அவர் அவளைப் பார்க்காமல் சரி என்று தலையை ஆட்டினார்.

முதலாளி வந்தார். பைகளைத் தூக்கினார். அவர் கைக்கும் எடை நன்றாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் அது சிரித்துக் கொண்டாட வேண்டிய விஷயம். முதலாளி கேட்டிருந்தது காலிப் பை.

"இன்னும் இருக்குதுங்களே அம்மிணி."

"பாதியில நின்னு போச்சுங்க. சூடு தாங்கலைங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. முதலாளி அதை, இந்த என்சைம் பட்டறைக்கு ஆகாது என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? "பரவாயில்லீங்க. படிச்ச புள்ள, முயற்சி பண்ணுனீங்க" என்றார். அதற்குமேல் மரியாதையாக யாரும் ஒரு கதவைச் சாத்த முடியாது. தீபாவளிக்குள் பழைய குடோனில், வேஸ்ட்டைக் கிழித்துப் பஞ்சாக்கும் மெஷின் ஒன்று வந்து இறங்கிவிட்டது.

மார்கழியில் பேராசிரியர் ஓய்வு பெற்றார். தை பிறந்ததும் தங்கை உடுமலைப்பேட்டைப் பக்கம், கோழித் தீவனத்தில் கலக்கும் என்சைம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே வீடு எடுத்துக்கொண்டாள். நல்ல வேலை. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதன் பிறகு அவள் போனில் படம் எதுவும் அனுப்பியது கிடையாது.

மாஸ்டர் வைகாசி மாதம் வேலையை விட்டு ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார். மகளுக்கு அதற்குள் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. கடைசி நாளன்று முதலாளியிடம் விடைபெறப் போனவர், என் தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலாளி என்ன சொன்னார் என்பதை மாஸ்டரே பேக்கிங் பகுதிக்கு மூச்சு வாங்க ஓடி வந்து என்னிடம் சொன்னார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நினைக்கிறீங்க மாஸ்டர் அப்படின்னு கேட்டாரு அண்ணாச்சி. அனுப்பியிருப்பீய மொதலாளின்னேன். ஆமா, அனுப்பியிருப்பேன், அனுப்பிட்டு அந்த அம்மிணிய இன்னொரு தடவை ஓட்டச் சொல்லியிருப்பேன்னாரு. காத்திருந்திருப்பாராம். இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல, இப்பவும் ஓட்டலாம், கூப்பிட்டுக் கேளுங்கன்னாரு. போனப் போடுங்க அண்ணாச்சி!"

டேபிளைச் சுற்றி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனேன். தங்கை உடனே எடுத்தாள். மாஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அண்ணா, பங்குனியிலயே கல்லூரில கூப்பிட்டு, பாக்டீரியாவை வெச்சிருந்த உறைபெட்டியைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மாத்தி வெச்ச பாக்டீரியாவைப் பொறுப்பு ஏத்துக்க ஆள் இல்லாம வெச்சிருக்கக் கூடாதுங்ணா. அதுதான் சட்டம். ஒரு சனிக்கிழமை போய் எல்லாத்தையும் நானே ஆவியில வெச்சு அழிச்சிட்டு வந்துட்டேன்."

"ஒண்ணு கூட இல்லியா அம்மிணி?"

"செய்முறை கம்ப்யூட்டர்ல எழுத்தா இருக்குதுங்ணா. மறுபடி உண்டாக்கலாம். முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதே ரெண்டு வருசம். மெஷினுக்கு அதே முறை, அதே டம்ளர். எனக்குத் தெம்பு இல்லீங்ணா."

 அவளே தொடர்ந்தாள். "முதலாளிக்கு நன்றி சொல்லிருங்க. மாஸ்டர்கிட்ட மட்டும் அழிச்சதைச் சொல்ல வேண்டாம். இன்னைக்குத்தான் நெஞ்சுல இருந்து இறக்கி வெச்சுட்டுப் போறாரு. அதோட போகட்டும்."

திரும்பி வந்தேன். மாஸ்டர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லுது தங்கச்சி?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கா மாஸ்டர்."

"யோசிக்கட்டும், யோசிக்கட்டும். புதுசா வளக்கணும்லா, நாளாகும்." முகம் மலர்ந்துவிட்டது. சாயங்கால ரயிலுக்கு அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நாலடி போனவர் திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, ஆரம்பிக்கும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. நாசரேத்துல இருந்து வந்துருதேன். ஒரு ஓரமா ஸ்டூலப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன். எதையும் தொட மாட்டேன்."

சொல்கிறேன் என்றேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன் என்று நடுவழியில் நின்று காட்டினார்.